அழிவும் அழிப்பும்

“வெட்டு விழுந்துச்சுங்கய்யா” என்று கூண்டில் நின்ற சாட்சி சொல்லியிருந்தார். எதிரிதான் வெட்டினார் என்று பொருள் வரும்படி நான் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தேன்.

தென்மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஒன்றின் மொழிபெயர்ப்புப் பிரிவு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கொலை வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போகும்போது தமிழில் பதிவான சாட்சியங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, பக்க எண் போட்டு, கட்டாகக் கட்டி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சாட்சியின் முகத்தையே பார்க்காத நீதிபதிகளுக்கு அவர் குரல் எங்கள் தாள்கள் வழியாகத்தான் போய்ச் சேரும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த மூத்தவர் என் தாளை வாங்கி, அந்த ஒரு வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார்.

“ஏம்மா, வெட்டு விழுந்துச்சுன்னுதானே அந்தாளு சொல்லியிருக்காரு? யாரு வெட்டுனான்னு சொன்னாரா?”

“முந்தின வரியில எதிரி அரிவாளோட வந்தார்னு இருக்கு சார்.”

“அரிவாளோட வந்தது ரெண்டு பேரு. மூணாவது சாட்சியப் படிச்சுப் பாரு. நீ தீர்ப்பு எழுதிட்டம்மா. அது நம்ம வேலை இல்ல.”

அந்தத் தாளை அன்று நான்கு முறை திரும்ப அடித்தேன். ஊரில் யாரும் பேசும்போது வெட்டு விழும், அடி விழும், வீடு எரிஞ்சு போகும். செய்தவன் பெயரைச் சொல்லாமலே ஒரு நிகழ்ச்சியை முழுதாகச் சொல்லிவிட முடிகிற மொழி நம்முடையது. பயத்தால் சொல்லாமல் விடுகிறவர் உண்டு. உண்மையிலேயே பார்க்காததால் சொல்லாமல் விடுகிறவரும் உண்டு. இந்த இரண்டில் எது என்று தீர்மானிக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்குக் கிடையாது.

பத்தொன்பது ஆண்டுகள் அந்த அறையில் இருந்தேன். கருத்து என்ற ஒன்றை நீதிமன்றம் எப்படித் தேடுகிறது என்று அங்கேதான் கற்றேன். செத்தவர் செத்துவிட்டார் என்பதில் பெரும்பாலும் சண்டை இருக்காது. கொல்ல நினைத்து அடித்தானா, அடிக்க நினைத்து உயிர் போய்விட்டதா என்பதில்தான் இந்திய தண்டனைச் சட்டத்தின் 302க்கும் 304க்கும் நடுவே வழக்கு நின்றுகொண்டிருக்கும். மனசைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. ஆகவே என்ன ஆயுதம், உடம்பில் எந்த இடம், எத்தனை வெட்டு, அதற்கு முந்தின வாரம் டீக்கடையில் என்ன சொன்னான் என்று வரிசையாகக் கேட்பார்கள். கழுத்தில் ஏழு வெட்டு விழுந்திருந்தால் “பயமுறுத்தத்தான் போனேன்” என்ற பேச்சு எடுபடாது.

வேலையை விட்டபிறகு சென்னைக்கு வந்து தனியாக மொழிபெயர்ப்பு செய்துவருகிறேன். பத்திரம், உறுதிமொழிப் பத்திரம், அகதிகளாக வந்தவர்களின் பிறப்பு இறப்புச் சான்றுகள், இதழ்களுக்குச் சட்டக் கட்டுரைகள். 2024 ஜனவரி 26 மாலை அப்படித்தான் ஒரு இதழிலிருந்து அழைப்பு வந்தது. குடியரசு தின விடுமுறை. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம், தென்னாப்பிரிக்கா இஸ்ரேல்மீது தொடுத்த வழக்கில் இடைக்கால உத்தரவை வாசிக்கப்போகிறது, இரவுக்குள் தமிழில் வேண்டும் என்றார்கள். நம் நேரம் மாலை ஐந்தரைக்கு நீதிமன்றத் தலைவர் ஜோன் டோனஹ்யூ வாசிக்கத் தொடங்கினார்.

தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 அன்று கொடுத்த 84 பக்க மனுவையும், ஜனவரி 11, 12 தேதிகளில் இரு தரப்பும் பேசிய வாதங்களையும் அதற்குள் படித்திருந்தேன். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 250 பேருக்குமேல் பணயக் கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன்பின் 365 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள காஸாவில் தொடங்கிய போரில் அந்த ஜனவரிக்குள் 25,700 பேர் கொல்லப்பட்டதாகவும் 17 லட்சம் பேர் இடம்பெயர்ந்ததாகவும் வந்த எண்ணிக்கைகளை நீதிமன்றமே தன் உத்தரவில் எடுத்து எழுதியிருந்தது. ஆறு கட்டளைகள் வந்தன. சிலவற்றுக்கு 15க்கு 2, சிலவற்றுக்கு 16க்கு 1 என்று வாக்கு. இந்தியரான நீதிபதி தல்வீர் பண்டாரி பெரும்பான்மையோடு இருந்தார். இஸ்ரேல் தன் தரப்பில் நியமித்த நீதிபதி அகரோன் பராக்கூட, இனவழிப்புத் தூண்டுதலைத் தடுக்கும் கட்டளைக்கும் உதவிப் பொருட்களை உள்ளே விடும் கட்டளைக்கும் ஆதரவாக வாக்களித்தார்.

இரவு பதினொன்றரைக்கு நான் அனுப்பிய தலைப்பு இது: “காஸாவில் இனப்படுகொலை நடந்ததற்கு முகாந்திரம் இருக்கிறது: சர்வதேச நீதிமன்றம்.”

அந்தத் தலைப்பு தவறு. அது என் தவறு, இதழ் மாற்றியதில்லை.

முகாந்திரம் என்பது நம் செய்தித்தாள் வாசகர் தினமும் பார்க்கிற சொல். ஊழல் வழக்கில் முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி சொன்னால், குற்றம் நடந்ததாகத் தோன்றுகிறது, விசாரணை தொடரட்டும் என்று பொருள். தி ஹேக் உத்தரவின் 54ஆம் பத்தி அதைச் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்கா கோருகிற உரிமைகளில் சிலவாவது, அதாவது காஸாவின் பாலத்தீனர்கள் இனவழிப்பிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை, வாதத்துக்கு நிற்கக்கூடியது என்று மட்டும் சொன்னது. அந்த உரிமைக்குச் சீர்செய்ய முடியாத கேடு வரும் ஆபத்து இருக்கிறது என்று அடுத்தடுத்த பத்திகளில் சொன்னது. குற்றம் நடந்ததா என்ற கேள்விக்குள் அது நுழையவே இல்லை. தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற டோனஹ்யூ, அதே ஆண்டு ஏப்ரலில் பிபிசி நேர்காணலில் இதை விளக்கினார். உலகம் முழுக்க அவ்வளவு பேர் என்னைப் போலவே எழுதியிருந்தார்கள்.

ஆனால் எனக்கு ஏப்ரல்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இதழ் வெளியான மறுநாள் காலை ஒரு அக்கா தொலைபேசியில் அழைத்தார். வன்னியிலிருந்து வந்தவர், அறுபதைத் தாண்டியவர். அவருடைய குடும்பச் சான்றிதழ்கள் சிலவற்றை நான் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன்.

“பிள்ளை, உங்கட எழுத்தைப் பாத்தனான். முகாந்திரம் இருக்கு எண்டு போட்டிருக்கிறியள். அப்ப கோர்ட் சொல்லிப்போட்டுதோ?”

“இன்னும் சொல்லலக்கா. இது இடைக்கால உத்தரவு.”

“சொல்லேல்லையோ?”

“தீர்ப்பு வர வருஷக்கணக்காகும்க்கா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்ப ஏன் பிள்ளை அப்பிடி எழுதினனீங்கள்? நான் விடிய வெள்ளன எழும்பி எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். அங்க சொன்னா இஞ்சையும் ஒருநாள் சொல்லுவினம் எண்டு” என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. அவர் என்ன நினைத்து அந்தத் தலைப்பைப் படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இலங்கையில் 2009இல் முடிந்த போரைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்றது. போர்க்குற்றங்கள், மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற சொற்களை எழுதியது. மூன்றாவது சொல்லை எழுதவில்லை. 2015 பிப்ரவரி 10 அன்று வடக்கு மாகாண சபை அந்தச் சொல்லைத் தன் தீர்மானத்தில் எழுதியது. எந்தச் சர்வதேச நீதிமன்றத்திலும் அது இதுவரை வாதத்துக்கு வந்ததில்லை. அப்படிப்பட்ட வாசகர் கையில் நான் ஒரு பொய்யான நற்செய்தியைக் கொடுத்திருந்தேன். திருத்தம் வெளியிடச் சொன்னேன், வெளியிட்டார்கள். திருத்தத்தை யார் படிக்கிறார்கள்?

அதற்குப் பிறகு இந்தக் குற்றத்தைப் பற்றிய ஆவணம் எதைத் தொட்டாலும் முதலில் சொற்பட்டியல் போட்டுக்கொள்கிறேன். பட்டியலின் முதல் சொல்லிலேயே நின்றுவிட நேர்ந்தது.

ரபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் 1944இல் வெளியிட்ட நூலில், இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொல்லுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லையும் ஒட்டவைத்து ஜெனோசைட் என்ற சொல்லைச் செய்தார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை அதை உடன்படிக்கையாக்கியது. இந்தியா 1959இல் ஏற்புறுதி செய்தது, ஆனால் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரம் பற்றிய 9ஆம் பிரிவுக்கு நிபந்தனை போட்டுக்கொண்டது. நம் தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கென்று தனிப்பிரிவு பழைய சட்டத்திலும் இல்லை, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. திருட்டு, கொள்ளை, வழிப்பறி என்று தமிழ் நீதிமன்றங்கள் ஒவ்வொரு சொல்லையும் உருட்டி உருட்டி விளிம்பு தேய்த்து வைத்திருக்கின்றன. இந்தச் சொல்லுக்கு அந்தப் புழக்கம் கிடைக்கவே இல்லை.

செய்தித்தாள்கள் இனப்படுகொலை என்கின்றன. படுகொலை என்றதும் வாசகர் பிணங்களை எண்ணத் தொடங்குகிறார். எத்தனை ஆயிரம் பேர் செத்தால் இனப்படுகொலை என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு சொல்லும் ஐந்து செயல்களில் கொலை ஒன்றுதான். உடலுக்கோ மனதுக்கோ கடும் கேடு விளைவிப்பது இரண்டாவது. உயிர் தரிக்க முடியாத வாழ்நிலைமைகளை வேண்டுமென்றே சுமத்துவது மூன்றாவது. பிறப்பைத் தடுப்பது நான்காவது, குழந்தைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுப்பது ஐந்தாவது. கடைசி இரண்டில் ஓர் உயிரும் போகாமலே குற்றம் முழுமையாகிவிடும். மறுபக்கம், எத்தனை பேர் செத்தாலும் அந்தக் குழுவை, அது அந்தக் குழு என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் கருத்து இல்லையென்றால் இந்தக் குற்றம் இல்லை. அது வேறு குற்றம்.

இனம் என்ற பாதியிலும் சிக்கல் இருக்கிறது. தேசம், இனமரபு, இனம், மதம் என்ற நான்கு வகைக் குழுக்களை உடன்படிக்கை சொல்கிறது. மதத்தை நாம் இனம் என்பதில்லை. அரசியல் கட்சிக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றாலும் இதில் வராது. லெம்கின் விரும்பிய பண்பாட்டு அழிப்பும் வரைவுக் கட்டத்திலேயே விழுந்துவிட்டது. யாழ்ப்பாண நூலகத்தை நினைக்காமல் அந்த இடத்தை எந்தத் தமிழ் வாசகரும் கடக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நூலகத்தையும் பள்ளிவாசலையும் கொளுத்துவது இந்தச் சட்டத்தில் தனிச்செயலாக எண்ணப்படாது. கருத்தைக் காட்டும் சாட்சியமாக மட்டும் உள்ளே வரலாம்.

ஈழத்து எழுத்துகளில் பழக்கமான இனவழிப்பு என்ற சொல்லைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன். அந்தச் சொல்லை எழுதத் தொடங்கியதும்தான் எனக்கு ஒன்று புலப்பட்டது. ஆங்கில மூலத்தில் அழிவுக்கும் அழிப்புக்கும் ஒரே சொல் இருக்கிறது. தமிழில் நகரம் அழிந்தது என்றால் தன்வினை, நகரத்தை அழித்தார்கள் என்றால் பிறவினை. நூறு பக்க ஆவணத்தில் அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் நான் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இங்கே அழிவா, அழிப்பா? மூத்தவர் பென்சிலால் கோடு போட்ட அதே இடம்.

நகரச் சண்டையில் சட்டவாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. இஸ்ரேல் தரப்பு வழக்கறிஞர்கள் சொன்னதன் சாரம் இது: ஹமாஸ் வீடுகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டியிருக்கிறது, மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் பயன்படுத்துகிறது, எங்கள் குறி அந்த அமைப்பு, பொதுமக்களுக்கு முன்கூட்டியே துண்டறிக்கையும் தொலைபேசி அழைப்பும் கொடுத்தோம், உதவிப் பொருட்களை விட்டோம், அழிக்க நினைப்பவன் எச்சரிப்பானா? தென்னாப்பிரிக்கத் தரப்பு சொன்னது: முழு முற்றுகை என்று பாதுகாப்பு அமைச்சரே அறிவித்தார், நீரும் உணவும் எரிபொருளும் நின்றன, நாட்டின் உச்சப் பதவிகளில் இருந்தவர்கள் சொன்ன சொற்களைக் களத்தில் சிப்பாய்கள் திருப்பிச் சொன்னார்கள், இதைத் தற்செயல் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

ஒரே நிகழ்ச்சி இரண்டு தரப்பு ஆவணத்திலும் வரும். 2023 அக்டோபர் 13 அன்று வடக்கு காஸாவின் சுமார் 11 லட்சம் பேரை 24 மணி நேரத்துக்குள் தெற்கே போகச் சொன்னார்கள். ஒரு தரப்புக்கு அது எச்சரிக்கை, உயிர்காக்கும் ஏற்பாடு. மற்றத் தரப்புக்கு அது கட்டாய வெளியேற்றம், போய்ச் சேருமிடத்தில் தண்ணீரில்லாத வெளியேற்றம். மக்கள் வெளியேறினார்கள் என்று எழுதினால் ஒரு கட்சி. வெளியேற்றப்பட்டார்கள் என்று எழுதினால் இன்னொரு கட்சி. “தெற்கே செல்லுமாறு இராணுவம் உத்தரவிட்டது, மக்கள் சென்றார்கள்” என்று இரண்டாக உடைத்து எழுதினேன். கையாலாகாத வாக்கியம்தான், ஆனால் அதில் நான் சேர்த்த பொய் இல்லை.

கருத்தை எப்படி நிரூபிப்பது என்பதில் சர்வதேச நீதிமன்றத்தின் வாசல் மிக ஒடுக்கமானது. போஸ்னியா 1993இல் தொடுத்த வழக்கில் 2007 பிப்ரவரி 26 அன்று தீர்ப்பு வந்தது. பதினான்கு ஆண்டுகள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது இனவழிப்பு என்றார்கள். போஸ்னியாவின் மற்ற ஊர்களில் நடந்த கொலைகளும் முகாம்களும் முற்றுகைகளும் நிரூபணமாயின, ஆனால் கருத்து நிரூபணமாகவில்லை என்றார்கள். 2015 பிப்ரவரி 3 அன்று குரோஷியா வழக்கில் அளவுகோலை இன்னும் தெளிவாக எழுதினார்கள்: நடத்தையின் போக்கிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடிய ஒரே முடிவு இனவழிப்புக் கருத்து என்பதாக இருக்க வேண்டும். 1991இல் குரோஷியாவின் வுகோவார் நகரம் 87 நாள் முற்றுகையில் நொறுங்கியது. உடன்படிக்கை சொல்லும் செயல்கள் நடந்தன என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மக்களை அந்த இடத்தைவிட்டு விரட்டுவது நோக்கமாக இருந்திருக்கலாம் என்பதால் அழிக்கும் கருத்து தீர்ப்பில் ஏறவில்லை. பிரேசில் நீதிபதி கன்சாடோ திரிந்தாதே கடுமையான மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அந்த வரியை மொழிபெயர்த்தபோது எனக்கு அது புதிதாகவே இல்லை. சந்தர்ப்ப சாட்சிய வழக்குகளில் 1984ஆம் ஆண்டு சர்தா தீர்ப்பை மேற்கோள் காட்டாத வழக்கறிஞரை நான் பார்த்ததில்லை. சங்கிலியின் எல்லாக் கண்ணியும் பூட்டியிருக்க வேண்டும், எதிரி நிரபராதி என்ற நியாயமான வேறு எந்த ஊகத்துக்கும் இடம் இருக்கக்கூடாது என்பது உச்ச நீதிமன்றம் அதில் சொன்ன ஐந்து விதிகளின் உயிர். ஆனால் எங்கள் கீழ்நீதிமன்றங்கள் அந்த விதியோடு இன்னொன்றையும் சேர்த்தே நடத்திவந்திருக்கின்றன. வேறு ஊகம் என்றால் அது குற்றத்தோடு ஒரே கூரையில் இருக்க முடியாத ஊகமாக இருக்க வேண்டும். நிலத்துக்காகப் பங்காளியைக் கொன்றவன், எனக்கு நிலம்தான் வேண்டியிருந்தது, ஆள்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் எந்த அமர்வு நீதிபதியும் அவனை விடமாட்டார். நிலம் காரணம். கொலை கருத்து. இரண்டும் ஒரே மனதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் யெலிசிச் மேல்முறையீட்டில், 2001இல், தனிப்பட்ட காரணம் எதுவும் இனவழிப்புக் கருத்தை இல்லாமலாக்காது என்று இதைத்தான் சொன்னது. நகரச் சண்டையைப் பற்றிய வாதத்தில் இது தொலைந்துபோவதாக எனக்குப் படுகிறது. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஓர் இராணுவக் காரணம் காட்ட முடிகிற போரில், காரணம் காட்டிவிட்டதாலேயே வேறு கருத்துக்கு இடமில்லை என்றாகிவிட்டால், படையெடுக்கும் எந்த அரசின்மீதும் இந்தச் சட்டம் ஒருநாளும் பாயாது. அதேசமயம், இடிபாட்டின் பரப்பைப் பார்த்து மட்டும் கருத்தைப் படித்துவிடவும் முடியாது. மொசூல் ஒன்பது மாதச் சண்டையில் நொறுங்கியது. எனக்குத் தெரிந்து அதை எந்தச் சட்டவாதியும் இந்தப் பெயரால் அழைக்கவில்லை. நீதிபதி கியோர்க் நோல்டே 2024 ஜனவரியில் தன் தனிக் குறிப்பில், இஸ்ரேலின் இராணுவ நடவடிக்கையே இனவழிப்புக் கருத்தோடு நடப்பதாக வாதத்துக்கு நிற்கும் அளவுக்குக்கூடத் தனக்குக் காட்டப்படவில்லை என்று எழுதினார். அப்படி எழுதிய அவரும் அதிகாரிகளின் பேச்சுகளைச் சுட்டிக் கட்டளைகளுக்கு ஆதரவாகவே வாக்களித்தார். அவர் எழுதியதை மொழிபெயர்க்கையில் எனக்கு உடன்பாடில்லை. உடன்பாடில்லாததால் இரண்டு மடங்கு கவனமாகச் செய்தேன்.

அதே ஆண்டு மே 24 அன்று காஸாவின் ரஃபா பற்றி வந்த உத்தரவில்தான் என் தொழில் வாழ்க்கையில் நான் மிக அதிக நேரம் உட்கார்ந்த ஒற்றை வாக்கியம் இருந்தது. 13க்கு 2 என்று நிறைவேறியது. மூலத்தில் முதலில், ரஃபாவில் இராணுவத் தாக்குதலையும் வேறு எந்த நடவடிக்கையையும் உடனே நிறுத்து என்று வருகிறது. பிறகு ஒரு காற்புள்ளி. அதன்பின், காஸாவின் பாலத்தீனக் குழுவுக்கு அழிவைக் கொண்டுவரக்கூடிய வாழ்நிலைமைகளைச் சுமத்தக்கூடிய என்ற தொடர். அந்தத் தொடர் இரண்டையும் தழுவுகிறதா, கடைசியில் நிற்கும் ‘வேறு எந்த நடவடிக்கை’யை மட்டும் தழுவுகிறதா?

ஆங்கிலத்தில் அந்தத் தொடரைக் கடைசியில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடலாம். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால்தான் வரும், எங்காவது ஓரிடத்தில் வைத்தே ஆக வேண்டும். “அழிவைக் கொண்டுவரக்கூடிய வாழ்நிலைமைகளைச் சுமத்தக்கூடிய இராணுவத் தாக்குதலையும் வேறு எந்த நடவடிக்கையையும் நிறுத்த வேண்டும்” என்று வைத்தால், அப்படிச் சுமத்தாத தாக்குதலை நடத்தலாம் என்றாகிறது. “இராணுவத் தாக்குதலையும், அழிவைக் கொண்டுவரக்கூடிய வாழ்நிலைமைகளைச் சுமத்தக்கூடிய வேறு எந்த நடவடிக்கையையும் நிறுத்த வேண்டும்” என்று வைத்தால், தாக்குதல் நிபந்தனையில்லாமல் நிற்க வேண்டும் என்றாகிறது. ஒரு சொல்கூட மாறவில்லை, இடம்தான் மாறியது. லட்சக்கணக்கானோர் கூடாரங்களில் இருந்த ஊரில் டாங்கிகள் போகலாமா கூடாதா என்பது இதில் இருக்கிறது. நீதிபதிகளே ஒத்துப்போகவில்லை. நிபந்தனையோடு கூடியது என்று பராக்கும் வேறு சிலரும் எழுதினார்கள். தாக்குதலை நிறுத்தச் சொல்லியாயிற்று என்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நீதிபதி டிரே ட்லாடி எழுதினார்.

இரண்டு வடிவத்தையும் அச்சிடச் சொன்னேன். உத்தரவு இப்படியும் படிக்கப்படுகிறது, அப்படியும் படிக்கப்படுகிறது என்று ஒரு பத்தி எழுதினேன். வாக்குகள் சேர்ந்து வருவதற்காக நீதிபதிகள் தெரிந்தே அந்த வாக்கியத்தைத் தொங்கவிட்டிருக்கலாம் என்று என் மனதில் பட்டது. அதை எழுதவில்லை.

என்னிடம் வருகிற இளம் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாரும் இந்த ஒரு குற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள். வாசகர்களும் அப்படித்தான். இனவழிப்பு என்று தீர்ப்பு வராவிட்டால் குற்றமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டதாக ஒரு பக்கம் கொண்டாடுகிறது, மறுபக்கம் நொறுங்கிப்போகிறது. அவர்களுக்கு நான் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயத்தின் ஸ்தானிஸ்லாவ் காலிச் தீர்ப்பைப் படிக்கக் கொடுக்கிறேன். 1992 செப்டம்பரிலிருந்து 1994 ஆகஸ்டுவரை சரயேவோவைச் சுற்றி வளைத்து நின்ற படைக்குத் தளபதி. அவர்மீது இனவழிப்புக் குற்றச்சாட்டே இல்லை.

அந்தத் தீர்ப்பின் பக்கங்களில் 1993 ஜூலை 12, டோப்ரின்யா குடியிருப்பு என்று ஒரு பகுதி வரும். நகரில் குழாய்த் தண்ணீர் இல்லை. ஒரு வீட்டு முற்றத்தில் அடிகுழாய் இருந்தது. கேன்களோடு வரிசையில் நின்றவர்கள்மீது ஒரே ஒரு மோர்ட்டார் குண்டு விழுந்தது. தீர்ப்பு நிதானமாக, குண்டு எந்தத் திசையிலிருந்து வந்தது, பள்ளத்தின் விளிம்பு எந்தக் கோணத்தில் இருந்தது, அருகில் இராணுவ இலக்கு ஏதாவது இருந்ததா என்று பார்த்துக்கொண்டே போகும். கடைசியில், வரிசையில் நின்றவர்கள்மீது வேண்டுமென்றே சுடப்பட்டது என்று முடிவுக்கு வரும். குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து வளர்ந்தவள் நான். அன்று அந்தப் பகுதிக்குமேல் தட்டச்சு செய்ய முடியவில்லை. பனியில் சறுக்கி விளையாடிய ஆறு குழந்தைகள் இறந்த 1994 ஜனவரி 22, அதற்கு இரண்டு வாரம் கழித்து மர்காலே சந்தையில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிப்ரவரி 5 ஆகியவற்றை மறுநாள் செய்தேன்.

பொதுமக்களிடையே பீதியைப் பரப்பிய குற்றம், கொலை, மனிதநேயமற்ற செயல்கள். 2003இல் 20 ஆண்டு சிறை விதித்தார்கள். 2006 நவம்பர் 30 அன்று மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாக உயர்ந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த யாராவது, இது சின்னக் குற்றம் என்று சொல்ல முடியுமா? சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பர் 21 அன்று இஸ்ரேலின் நெதன்யாகுவுக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலண்டுக்கும் பிறப்பித்த கைது ஆணைகளிலும் இனவழிப்பு இல்லை. பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்திய போர்க்குற்றமும், கொலை, துன்புறுத்தல் முதலான மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் இருக்கின்றன. ஹமாஸ் தளபதி டெய்ஃபுக்கு அன்றே பிறந்த ஆணையில் ஒட்டுமொத்தக் கொலை, பணயக் கைதிகளைப் பிடித்தல், பாலியல் வன்முறை எல்லாம் இருந்தன. பட்டினி போட்டுக் கொல்வதற்குச் சட்டத்தில் அதற்கென்று பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லி வழக்கு நடத்தலாம் என்பதை நம் வாசகரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நான் இன்னும் சரியான வழி கண்டுபிடிக்கவில்லை.

2025 செப்டம்பர் 16 அன்று ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் விசாரணை ஆணையம், காஸாவில் உடன்படிக்கையின் ஐந்து செயல்களில் நான்கு நடந்திருப்பதாகவும், நியாயமாக எடுக்கக்கூடிய ஒரே முடிவு இனவழிப்புக் கருத்துத்தான் என்றும் எழுதியது. இஸ்ரேல் அதை முற்றாக மறுத்தது. ஆணையத்தின் அப்போதைய தலைவர் நவி பிள்ளை. டர்பனில் தமிழ் வம்சாவளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். ருவாண்டாவுக்கான தீர்ப்பாயம் 1998 செப்டம்பர் 2 அன்று அகாயேசு வழக்கில், சர்வதேசத் தீர்ப்பாயங்களிலேயே முதன்முறையாக இந்தக் குற்றத்துக்கு ஒருவரைக் குற்றவாளி என்று தீர்த்தபோது மூன்று நீதிபதிகளில் ஒருவராக இருந்தவர். பாலியல் வன்கொடுமையும் இனவழிப்புச் செயலாகலாம் என்று சொன்ன தீர்ப்பு அது. அவர் எழுதியதாலேயே ஆணையத்தின் அறிக்கையை நீதிமன்றத் தீர்ப்பு என்று எழுதிவிடும் ஆசை தமிழ் ஊடகங்களில் அன்று பொங்கியது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. “ஐ.நா. ஆணையத்தின் முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு நிலுவையில்” என்று தலைப்பிட்டு அனுப்பினேன்.

அறிக்கை வந்த அடுத்த வாரம் அந்த அக்கா நேரிலேயே வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போவதற்கு விண்ணப்பம், அதோடு இணைக்க ஓர் உறுதிமொழிப் பத்திரம். தன் மூத்த மகனைப் பற்றி அதில் ஒரு பத்தி எழுத வேண்டும். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் இராணுவத்திடம் ஒப்படைத்தார். அதன்பின் அவனைப் பார்க்கவில்லை.

படிவத்தின் தமிழ் வரைவில் “காணாமல் போனார்” என்று நான் அடித்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வரியின்மேல் வைத்து வாசித்துவந்தவர், அந்த இடத்தில் நிறுத்தினார்.

“போகேல்லைப் பிள்ளை. நான் கையில பிடிச்சுக் குடுத்தனான். ஆக்கப்பட்டவர் எண்டு போடுங்கோ.”

படிவத்தின் ஆங்கிலக் கட்டத்தில் அந்த இடத்துக்கு ஒரே ஒரு சொல்தான் அச்சாகியிருந்தது. கட்டத்தை அடித்துவிட்டு, தனித்தாளில் யாரிடம், எந்த இடத்தில், எந்த நாளில் ஒப்படைத்தார் என்று முழு வாக்கியமாக எழுதி இணைத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். முதலில் தமிழில் வாசித்தேன், பிறகு ஆங்கிலத்தில். ஆங்கிலத்தை இன்னொரு முறை கேட்டார். பிறகு பேனாவை வாங்கி, இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார்.